அந்த வாரம் வராத புத்தகம்

நைனா,

பாப்பா ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் வாட்டர் பாட்டிலைக் கழுவி வைத்தேன். மூடியை இறுக்கி, கவிழ்த்து, ஒழுகுகிறதா என்று பார்த்து, மறுபடி கவிழ்த்தேன். "எத்தினி வாட்டி பார்ப்பே?" என்றார் இவர். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த மூடியின் ரப்பர் வாசனையே எனக்கு ஆகவில்லை.

அன்றைக்குத்தான் உன் படத்தைப் பார்த்தோம். சித்திரக்கதை வரைகிறவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று சென்னையிலிருந்து இரண்டு பேர் நம் திருப்பதி வீட்டுக்கு வந்தார்களே, நீ போய்ச்சேர்வதற்கு முந்தின வருஷம்? அது முடிந்து லிங்க் அனுப்பியிருந்தார்கள். படத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாய். நிப்பை மையில் தொட்டு, குப்பி விளிம்பில் வழித்தாய். அதற்கே அழுதுவிட்டேன். பிறகு உன் பம்மி வந்தாள். வாரப் பத்திரிகையில் நாலு கட்டத்துக்குள் நீ ஓடவிட்ட பயந்தாங்கொள்ளிப் பெண். அவள் நான்தான் என்று எனக்கு எப்போதும் தெரியும். நான் பல்லிக்குப் பயந்ததை, மலைக்குப் போகிற கூட்டத்துக்குப் பயந்ததை, எல்லாம் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வரைவாய்.

ஒன்றை மட்டும் வரையாதே என்றேன். நம் சொந்த ஊர் நகரியை விட்டுத் திருப்பதிக்கு வந்து, தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. வெளியே போகணும் என்று தெலுங்கில் கேட்கத் தெரியாமல், உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் பாட்டிலைத் திறந்து மடியில் ஊற்றிக்கொண்டேன். உன்னிடம் மட்டும் சொன்னேன். "ஏழுமலையான் மேல ஆணை, வரைய மாட்டேன்டா" என்று என் தலையில் கை வைத்தாய்.

கேமராவுக்கு முன்னால் அதை வரைந்த பக்கத்தைத்தான் தூக்கிக் காட்டுகிறாய். கடைசிக் கட்டத்தில் பம்மி பாட்டிலைக் கவிழ்க்கிறாள். "பம்மியில இதான் பெஸ்ட்டு" என்கிறாய்.

"பொண்ணுக்குத் தெரியாதா சார்?" என்று படமெடுக்கிறவள் கேட்கிறாள்.

"எங்க தெரியும்? தெலுங்கு ஸ்கூல்ல எவன் தமிழ் புக்கு படிக்கிறான்? வூட்டுக்கு வர்ற புக்க மட்டும் மறச்சிட்டேன்." சிரிக்கிறாய். பக்கத்தில் இவரும் சிரித்தார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

"இந்த வாரம் புக்கு தபால்ல வரலடா" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அந்த லீவுக்கு நகரிக்குப் போனபோது, தறிச் சத்தத்துக்கு மேல் அத்தை கத்தினாள்: "இன்னாடி, பாட்டிலு இன்னும் ஒழுகிக்கினே இருக்குதா?" எல்லோரும் சிரித்தார்கள். புரியாமலே நானும் சிரித்தேன். என்ன ஜோக் என்று உன்னைக் கேட்டதற்கு, "அத்த அப்பிடித்தான், வுடு" என்றாய். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் புத்தகம் வரவில்லை.

இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இல்லாத ஆளிடம் எப்படிப் போடுவது?

நேற்று ஸ்கூட்டியில் வரும்போது பாப்பா என் முதுகோடு ஒட்டிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா, ப்ராமிஸ்?" என்று ஒன்று சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அதன் நாலு கட்டமும் கண்ணில் தெரிந்துவிட்டது, நைனா. கடைசிக் கட்டத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்பதுகூட. அந்தப் புத்தி உன்னிடமிருந்து வந்தது, வேறெங்கிருந்து? சிரிப்பை அடக்கியதில் வண்டியே ஆடியது. வீட்டுக்கு வந்ததும் இவர், "இன்னா, ரெண்டு பேருக்குள்ள ரகசியம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். உன்னிடமும் சொல்ல மாட்டேன்.