மூன்று ஞாயிறு வாசித்த வயல்

செப்டம்பர் 11, வியாழன்
தேவாலயக் கூரையில் மறுபடி ஒழுக்கு. கமிட்டி முடிவெடுத்துவிட்டது: பின்னால் இருக்கும் சபை வயலை, நாலு மா நிலம் முழுவதையும், விற்றுக் கூரை மாற்றுவது. நூற்றிருபது குடும்பம் முப்பதாகிவிட்டது, பிள்ளைகள் எல்லாம் சென்னை, துபாய். வேறு வழி? மனை போடும் கும்பகோணத்துக்காரர் ஒருவர் கேட்கிறார். சபைச் செயலாளர் என்று தீர்மானத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு வருஷமாகக் குத்தகைக்கு உழும் செவ்வந்தியிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை.

செப்டம்பர் 13, சனி
கடைத்தெருவில் செவ்வந்தி. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். "குறுவை நல்லா வந்துருக்கு டீச்சர். நாளைக்குக் கோயிலுக்குப் புது அரிசி கொண்டாறேன்." சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு
ஐயோ, மானம் போச்சு!

விற்பனை அறிவிப்பை ஆராதனையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். கல்யாண அறிவிப்பும் அப்படித்தான். இருபது வருஷமாக நான்தான் வாசிக்கிறேன். வயலையும் வாங்குபவர் பெயரையும் வாசித்த வாய் அதோடு நிற்காமல், பழக்கத்தில் கல்யாண வாசகத்தையும் சொல்லிவிட்டது. "இவ்விருவரும் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்!"

சபையே சிரித்தது. என் வீட்டுக்காரர் குணசேகரன் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

"எனக்கு இருக்குங்க."

வாசலில் அரிசிப் பையோடு செவ்வந்தி. "விக்கிறதுன்னா என்னைய ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? நானே வாங்கிக்கிறேன்."

சிரிப்பு நின்றது. போதகர் வளவன்தான் பேசினார். "ஆராதனைல சொன்ன தடை. விசாரிக்காம மேல போக முடியாதுங்க."

செப்டம்பர் 19, வெள்ளி
கமிட்டியில் இரண்டு மணி நேரச் சண்டை. வயல் விலைதான் அவளால் முடியும், மனை விலை முடியாது. "அப்ப பாதிக் கூரைதான் வரும்" என்றார் பொருளாளர் பாக்கியநாதன். "பாதி போதும்!" என்று கத்தியது யார்? நானேதான். ஒரு ஓட்டில் ஜெயித்தோம்.

அக்டோபர் 12, ஞாயிறு
செவ்வந்தி பெயரில் மூன்றாம் அறிவிப்பு. இந்த முறை வேண்டுமென்றே கேட்டேன், தடை உண்டா என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு
செவ்வந்திக்கு வங்கிக் கடன் வந்து, போன மாதமே பத்திரம் பதிந்தாயிற்று. இன்று அடைமழை. பீடத்தின் பக்கம் புதுக் கூரை, ஒரு சொட்டு இல்லை. நாங்கள் பாடகர் குழு உட்காரும் பக்கம் பழைய ஓடுதான். எனக்கு ஒரு கையில் குடை, மறு கையில் பாட்டுப் புத்தகம்.

ஜன்னல் வழியே பார்த்தேன். தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு செவ்வந்தி தன் வயலில் தண்ணீர் வடியவிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் நனைந்தாள், நானும் நனைந்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திப் பாடினேன்.