வெயில் பெட்டிக்குள் நான் வைக்க விடாத சட்டி

என் ரஹீமா தாத்தா,

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. லிஃப்ட் இன்னும் திருத்தவில்லை. நாலாம் மாடியிலிருந்து மொட்டைமாடிக்கு ஏறி இறங்குவதற்குள் முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பிள்ளைகளுக்குச் சொன்னால், அந்த வெயில் பெட்டியை எறிந்துவிட்டுக் கேஸில் சமையுங்கோ அம்மா என்கிறார்கள்.

கொம்பனித்தெருவில் உங்கள் வீட்டை இடித்த பிறகு இந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு நீங்களும் நானாவும் வந்தீர்கள். உங்களை முதலில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். உங்கள் ஆட்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் கணவர் எனக்கு நானாவானார். வேறு யாரும் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை, தாத்தா. நான் வீட்டில் மூத்தவள்.

கேஸ் இல்லாமல் ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷம், நாங்கள் இருவரும் வெயில் பெட்டி செய்தோம். ஒரு மரப்பெட்டிக்குள் இன்னொன்று, நடுவில் தென்னந்தும்பு, உள்ளே மினுங்குகிற ஈயத்தாள். மூடிக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. கொம்பனித்தெருவிலிருந்து கொண்டுவந்த அலுமாரியின் கதவுக் கண்ணாடியை நீங்கள் கழற்றித் தந்தீர்கள். சட்டிகளுக்கு வெளிப்பக்கம் கறுப்புப் பெயின்ற் அடித்தோம். ஒன்பது மணிக்கு அரிசி வைத்தால் பன்னிரண்டு மணிக்குச் சோறு. இடையிடையே வெயிலின் பக்கம் பெட்டியைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். பருப்பும் பூசணிக்காயும் தானாக அவியும்.

முதல் நாள் மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் உங்கள் மூக்குக்கண்ணாடி மறைந்துபோனது. கழற்றித் துடைக்காமல் அப்படியே நின்று சிரித்தீர்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. நானா காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தார். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மாட்டெலும்புச் சூப்புக்கு எல்லாம் போட்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீங்கள் மொட்டைமாடிவரை படியேறி வந்தீர்கள். நான் பெட்டிக்கு முன்னால் நின்றேன்.

"அது வேண்டாம் தாத்தா. சாமிக்குப் படைக்கிற சோறும் இதுக்குள்ளதான் அவியுது."

நீங்கள் சட்டியையும் பெட்டியையும் பார்த்தீர்கள். மூடியில் இருந்த உங்கள் அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தீர்களா? அது எனக்கு இன்றுவரை தெரியாது.

"சரி தங்கச்சி. எனக்கு அது யோசன வரல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கினீர்கள்.

அன்று பின்னேரம் உங்கள் பல்கனியிலிருந்து புகை வந்தது. பழப்பெட்டிப் பலகைகளை உடைத்து எரித்து அந்தச் சூப்பை வைத்தீர்கள். அதற்குப் பிறகும் பல நாள் எரித்தீர்கள். கீழே நீங்கள் இருமுவது என் குசினி வரைக்கும் கேட்கும். நான் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அடுத்த கிழமையே பருப்புச் சட்டியோடு மேலே வந்தீர்கள், ஒன்றுமே நடக்காததுபோல. நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் எனக்காக நின்று பெட்டியைத் திருப்பினீர்கள்.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் இருந்தது. கேஸ் திரும்பி வந்ததும், இனி எதற்கு என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு இதயம்தான் நின்றது என்று டொக்டர் சொன்னாராம். உங்கள் மகளிடம் அதை இரண்டு தரம் கேட்டேன். இருமல் எப்போது தொடங்கியது என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

உங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெந்தளையிலிருந்து வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள். தன்னோடு வரச்சொல்லி மன்றாடுகிறாள். நானா அசைவதாக இல்லை. குளிர்ப்பெட்டியில் வைத்த கறியைச் சூடாக்கக்கூட மாட்டார், கை நடுங்குகிறது. போன செவ்வாய்க்கிழமை கேட்டேன், என்ன சாப்பிட விருப்பம் நானா என்று. வெட்கத்தோடு, எலும்புச் சூப் என்றார்.

என் வயதில் முதல்தரமாக இறைச்சிக் கடைக்குப் போனேன். எலும்பு வாங்கத் தெரியாமல் நின்ற என்னைக் கடைக்காரர் பாவம் பார்த்து, நல்லதாகத் தெரிந்தெடுத்துத் தந்தார். உங்கள் குசினியிலிருந்து சட்டியை எடுத்து, வெயில் பெட்டிக்குள் என் கையாலேயே வைத்தேன். கடற்கரைப் பக்கம் எழும்புகிற புதுக் கட்டடம் உங்களுக்குத் தெரியும்தானே. இப்போது பதினாறு மாடி. இரண்டு மணிக்கே அதன் நிழல் எங்கள் மொட்டைமாடியை மூடிவிடுகிறது. மூடியைத் திறந்தால் எலும்பு அரைவாசிதான் அவிந்திருந்தது.

மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய் நானாவின் அடுப்பில் வைத்திருக்கலாம். ஆனால் அங்கே சிலிண்டர் முடிந்திருந்தது. என் குசினியில், என் அடுப்பில், ஒரு மணித்தியாலம் அது கொதித்தது. சாமி அறைக் கதவைச் சாத்தப் போன நான், ஏனோ சாத்தவில்லை. களைப்பாக இருந்தது, தாத்தா. கதிரையில் இருந்துவிட்டேன்.

நானா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பிறகு கேட்டார்: "அந்த நேரம் அவ சென்னா, அந்தப் பெட்டிட சூடு எலும்புக்குக் காணாதுண்டு. நீங்க எப்பிடி அவிச்ச?"

அப்படியா சொன்னீர்கள், தாத்தா? புகைக்குள் இருந்து இருமிக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்காமல், பெட்டியின் சூடு போதாதென்று குறை சொன்னீர்களா?

கேஸில் அவித்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் வாய் வரவில்லை.

"சூடு காணாமல் இல்லை நானா. நான்தான் வைக்க வேண்டாம் எண்டனான்."

அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"உப்புக் கொஞ்சம் கொறவு" என்றார்.

அது மன்னிப்பா, இல்லை உப்பைப் பற்றிய பேச்சு மட்டும்தானா? படியேறி வரும்போது நாலைந்து தரம் யோசித்தேன். உங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்கள், அவரை உங்களுக்குத்தான் தெரியும்.

இனி வெயில் உள்ள நாளெல்லாம் எட்டு மணிக்கே சட்டியை ஏற்றுவேன், அந்த நிழல் வருவதற்கு முன்னம். நானாவின் சட்டிதான் முதலில். எனக்குரிய சோற்றை நான் வீட்டில் வைத்துக்கொள்வேன். முழங்கால் விடுகிற காலம்வரைக்கும் ஏறுவேன், தாத்தா. உப்பையும் சரியாகப் போடுவேன்.

உங்கள் தங்கச்சி,
நாலாம் மாடி மனோ