தெருமுனைக்குப் போகும் சாப்பாடு

நெடுந்தீவு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுகந்திக்கு,

மாதாவின் துணையால் நானும் மகள் நிலக்சனாவும் சுகம். கடல் குழப்பம், இரண்டு நாளாகத் தொழில் இல்லை. தொலைபேசியில் நாலு வார்த்தை பேசுமுன் நீர் வேலை செய்யும் வீட்டு மேடம் அவசரப்படுத்துகிறா. அதனால்தான் இந்தக் கடிதம். லீவில் வந்த சரவணை ஊர் நிலாந்தி திரும்பவும் பெய்ரூத்துக்கு வருகிறாள். கருவாட்டோடு இதையும் தருவாள்.

அவள் சொன்ன புதினங்களைக் கேட்டு வாய் பிளந்துவிட்டேன். அந்த நாட்டில் நம்மைப் போல வேதக்காரருக்கென்று ஒரு கட்சி, கட்சிக்கென்று ஒரு படையாம்! இங்கே திருநாளுக்கு மாதா சுரூபம் தூக்கவே ஆளைக் கெஞ்சிப் பிடிக்கிறோம். பூசைக்கு வரும்போது அந்தப் பெடியன்கள் துவக்கை எங்கே வைப்பார்கள்? பாவசங்கீர்த்தனத்தில் எதையெல்லாம் சொல்வார்கள்? சுவாமியார் ஒன்றும் கேட்கமாட்டாரா? அடுத்த தெருவுக்கு வேறு சமயம், வேறு கட்சி, வேறு படையாம். அப்படியென்றால் பாண் வாங்க எந்தத் தெருக் கடைக்குப் போவீர்? அவர்களின் சீருடையில் சிலுவை உண்டோ என்று நிலக்சனா கேட்கிறாள்.

நீரும் கட்சிக்காரி ஆகிவிட்டீரோ என்று நிலாந்தியிடம் பகிடியாகக் கேட்டேன். "கிட்டத்தட்ட அப்பிடித்தான் அண்ணை. தெருமுனையில காவல் நிக்கிற பெடியளுக்குப் பின்னேரச் சாப்பாடு கொண்டுபோறது சுகந்தியக்காதான். எங்கட ஆக்கள்தானே எண்டு மேடம் அனுப்புறவ" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

சுகந்தி, உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் இயக்கப் பெடியளுக்கு வீட்டுக்கு வீடு சோற்றுப் பார்சல் கட்டினோம். நம் ஒழுங்கையில் அதைச் சேர்த்துக் கொண்டுபோனவர் உமது அண்ணை எமிலியானுஸ். அவர் துவக்கைத் தொட்டதே இல்லை. பிறகு ஆமி வந்தபோது பெடியள் போய்விட்டார்கள். "சோறு குடுத்தது ஆர்?" என்றுதான் ஆமிக்காரர் விசாரித்தார்கள். அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

எவ்வளவு வேண்டுமானாலும் சமைத்துக் கொடும், கொண்டுபோக மட்டும் வேண்டாம். கால் ஏலாது என்று மேடத்திடம் சொல்லும். கேட்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாரும், கஞ்சி குடித்தாவது சமாளிப்போம். சண்டை மூண்டால் ஓடி ஒளிய அந்தப் பெடியளுக்குச் சொந்தபந்தம் இருக்கும். உமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது.

காணாமல் போனவர்களுக்கான போராட்டத்துக்கு உமது அம்மா போன கிழமையும் படகேறிப் போனவ, அண்ணையின் படத்தோடு. வயதுபோன மனுசி. அந்த ஒரு படத்தைத் தூக்கிப் பிடிக்கவே அவவுக்குத் தெம்பு இல்லை.

மாதா உம்மைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உமது,
யாக்கோப்பு