எந்த இடத்துக்காக மறித்தாய்

அன்புள்ள மகன் துல்லியோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கழுத்து வலி குறைந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி கொஞ்சமாவது தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சௌகரியமாக இருக்கிறோம், மற்றதைப் போகப் போக எழுதுகிறேன். மாரா மோதெனாவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து இருந்துவிட்டுப் போனாள், பிள்ளைக்கு இருமல் விட்டபாடில்லை, மாப்பிள்ளையை வேறு ஊருக்கு மாற்றுவார்கள் போலிருக்கிறது. திராட்சை அறுப்பு முடிந்துவிட்டது. மேல் தோட்டத்தை வாங்கினவன் இயந்திரத்தை விட்டு ஒரே மூச்சில் அறுத்துக்கொண்டு போய்விட்டான், நான் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். ரேஸ் அணியில் உன் முதல் வருஷத்து சீட்டுக்குக் காசு கட்ட விற்ற தோட்டம் அது, அதற்காக நான் ஒரு நாளும் உன்னைக் குத்திக் காட்டியதில்லை, இப்போதும் காட்டவில்லை. அந்த இங்கிலாந்து வீட்டில் சுவரெல்லாம் ஈரம் என்றாயே, கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடு, துவைத்த கம்பளிச் சட்டையை நன்றாகக் காயாமல் மாட்டிக்கொள்ளாதே.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார், நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அவர் வாங்கிக்கொண்டு வேறொன்று பேசுகிறார். அவருக்கு இப்போது கால் தரையில் இல்லை. உனக்குச் சொல்லியிருப்பார், ஆனால் முழுவதும் சொல்லியிருக்க மாட்டார். அந்த விபத்தை உலகம் முழுக்க எல்லா டிவியிலும் திருப்பித் திருப்பிப் போட்டார்கள் இல்லையா, மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடியும் ஓடவிட்டு. ஒவ்வொரு தடவையும் உன் காரின் பின் இறக்கையில் பெர்த்தாக்கி டைல்ஸ் என்று நம் பெயர் பளிச்சென்று தெரிகிறது, அது உடைந்து சிதறும்வரை தெரிகிறது. அதற்கடுத்த வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு கட்டடக்காரன் நம் டைல்ஸ் ஆலைக்குப் போன் செய்து, டிவியில் வந்த டைல்ஸ் உங்களுடையதுதானா என்று கேட்டு ஆர்டர் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் வேறு சிலர். உன் அப்பா கேக் வாங்கிக்கொண்டு வந்தார் துல்லியோ. ஒரு பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இவர் கேக் பெட்டியின் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். நான் ஒரு துண்டு கூட வாயில் வைக்கவில்லை.

பன்றித்தொடை வியாபாரி ஃபாவ்ஸ்தோவும் வந்திருந்தான். உன் பெயரில் சங்கம் வைத்து ஊரில் காசு பிரித்துக் கொடுத்தவன் என்பதால் நம் சமையலறையில் அவனுக்கு இப்போது தனி நாற்காலியே இருக்கிறது. முன்னெல்லாம் வந்தால் ஒரே புலம்பல், நினைவிருக்கிறதா, மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் என் முகத்துக்கு நேராகவே கேட்டான், "நான் குடுத்த காசுக்கு உன் பையன் கார்ல ஒட்டின என் பன்றித்தொடை படம் ஒரு தடவையாவது டிவில வர வேண்டாமாக்கா? கடைசியில ஓடுறவன் பக்கம் எந்தக் கேமராக்காரன் திரும்புறான்?" என்று. அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பாதி ரேஸுக்குத் தகுதிச் சுற்றிலேயே நீ வெளியே வந்துவிடுவாய், மீதியில் கடைசியிலோ அதற்கு முந்தியோ ஓடுவாய். அந்த அணியில் புது எஞ்சின் எப்போதும் உன்னோடு ஓட்டுகிற மற்றவன் காருக்குத்தான், அவன் கழற்றிப் போட்டது உனக்கு. பணப்பெட்டி கொடுத்து சீட் வாங்கினவன் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அதைப் படித்த அன்று நான் அழுதேன், நீ போனில் சிரித்தாய், "ஆமாம்மா, பெட்டியை நீதானே கட்டிக் குடுத்தே" என்றாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மகன் சிரிக்கிறானே என்று விட்டுவிட்டேன். சின்ன வயதில் கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டியில் நீயும் உன் சிநேகிதன் யோரிஸும் மாற்றி மாற்றி முதலில் வந்த நாளில் பெட்டி எதுவும் இல்லை, உனக்குக் கையில் திறமை இருந்தது, அது பொய்யில்லை. மேலே ஏற ஏறத் திறமை உள்ளவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள், காசு உள்ளவர்கள் அதைவிட நிறைய. அவ்வளவுதான் நடந்தது.

கோடையில் உன் அப்பா உனக்குப் போனில் சொன்ன யோசனையை நான் நடைவழியில் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். "முதலிடத்துல ஓடுறவன் உன்னைவிட ஒரு சுத்து அதிகமா ஓடி உன்னைத் தாண்ட வரும்போதுதான்டா கேமரா உன் பக்கம் வரும். வழி விடச் சொல்லி நீலக் கொடி காட்டின உடனே ஒதுங்கிடாதே. ஒரு வளைவு, ரெண்டு வளைவு பிடிச்சு வச்சுக்கோ, அப்புறம் விடு." ஃபாவ்ஸ்தோ பக்கத்திலிருந்து கைதட்டினான். நான் அதை வாய்ப்பேச்சு என்று நினைத்தேன், ஆண்கள் சாப்பிட்டு முடித்துப் பேசுவது. அடுத்த ரேஸில் முதலிடத்தில் ஓடிய பிரெஞ்சுக்காரனை நீ வளைவுக்கு வளைவு பின்னாலேயே வைத்திருந்தாய், அவன் உன்னைப் பார்த்து முஷ்டியை ஆட்டினான், அத்தனை நேரமும் நம் பெயர் டிவியில். மதுக்கடையில் ஃபாவ்ஸ்தோ எல்லோருக்கும் அவன் செலவில் சிவப்பு ஒயின் ஊற்றினானாம். நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கும் அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, என் மகனை டிவியில் அத்தனை நேரம் நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் ஸ்பெயின். யோரிஸ் வாழ்க்கையில் முதல் தடவையாக முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். நம் வீட்டில் வாரக்கணக்கில் தங்கி, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்து, என் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. முதலில் ஓடுவது அவன் என்றதும் நான் அவனுக்காக வேண்டிக்கொண்டேன், உனக்காகவும்தான், நீ பத்திரமாக முடித்தால் போதும் என்று. அவன் உன் பின்னால் வந்தான். நீலக் கொடி அசைந்தது. நீ வழி விடவில்லை. அவன் கார் உன் பின் இறக்கையில் மோதியது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை.

வெயில் கண்ணில் அடித்தது, கண்ணாடி அதிர்ந்தது, கொடியையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை என்று வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரணையில் சொன்னாய். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கும் போனில் அதையே சொன்னாய். நான் "சரி கண்ணா" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும். நீ அப்பாவின் சின்ன லாரியை ஓட்டப் பழகினபோதிலிருந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை இடது பக்கம் சாய்ப்பாய், கோழி தரையில் எதையோ பார்ப்பது மாதிரி. வீட்டில் உனக்குக் கோழி என்றே பெயர். யோரிஸின் காரில் வைத்த கேமரா முன்னால் போகிற உன் தலைக்கவசத்தைக் காட்டுகிறது. வளைவுக்கு முன்னால் அது இடது பக்கம் சாய்கிறது. ஒரு தடவை இல்லை. நான் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் கழுத்து தெரியாதா.

யோரிஸைப் பொலோஞ்ஞாவில் எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்தேன், உன் அப்பா அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். புதன்கிழமை நான் பஸ் ஏறிப் போனேன். கோழிச்சாறும், அதில் போட இறைச்சி அடைத்த தொர்தெல்லினியும் செய்து தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டேன், அவனுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று உனக்கே தெரியும். அவன் அம்மா பெல்ஜியத்திலிருந்து வந்து கூடவே இருக்கிறாள், அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவளுக்குப் புரியவில்லை, நான் யார் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து தன் நாற்காலியை எனக்கு விட்டாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் துல்லியோ. போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடக்கிறது. இடது காலில் இரும்புக் கம்பிகள். முகம் மட்டும் அப்படியே இருக்கிறது, நம் மேசையில் உட்கார்ந்து இன்னொரு கரண்டி கேட்ட அதே முகம்.

அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்துத்தான் போனேன், திட்டியிருந்தால் நல்லது. சாற்றை நான்தான் ஊட்டினேன். பாதியில் போதும் என்றான். அப்புறம் நம் பாஷையிலேயே மெதுவாகச் சொன்னான், "கோழி என்னைப் பார்த்தான்மா. தலையைச் சாய்ச்சான். நமக்குத் தெரியாதா." நான் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தேன். "நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் புரியல. அவன் கடைசியில ஓடிட்டிருந்தான். அவனுக்குப் பின்னாடி யாருமே இல்ல. எந்த இடத்துக்காக என்னை மறிச்சான்? படுத்துக்கிட்டு அதையேதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், வரவே மாட்டேங்குது."

எனக்குப் பதில் தெரியும். பன்றித்தொடைக்காகவும் தரையில் ஒட்டுகிற டைல்ஸுக்காகவும் என்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன். தலையணையைச் சரி செய்தேன், போர்வையை இழுத்துவிட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கிளம்பும்போது அவன் அம்மா தூக்குப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். அவள் அதை எறிந்திருக்கலாம். பஸ்ஸில் வீடு வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரேஸ் என்றால் இதெல்லாம் இருக்கும், அந்தப் பையன் உயிரோடுதானே இருக்கிறான், இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றார். உன் அணி முதலாளி ஹாலம் அடுத்த வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்றார். ஹாலம் உன்னைக் கூப்பிடவில்லை, அப்பாவைத்தான் கூப்பிட்டார், அதை நீ கவனித்தாயோ இல்லையோ. மாசக் கடைசிக்குள் காசு உறுதி ஆகாவிட்டால் வேறொரு பையன் பெட்டியோடு வாசலில் நிற்கிறானாம். சங்கத்தில் புதிதாக ஆட்கள் சேர்கிறார்கள், ஆனால் அது போதாது, ஆலையை ஈடு வைத்தால்தான் கணக்கு நேராகும். ஆலை நிற்கிற நிலம் என் அப்பா எனக்குக் கொடுத்தது, அதனால் என் கையெழுத்து இல்லாமல் வங்கி கொடுக்காது. காகிதங்கள் பழக் கூடைக்குக் கீழே இருக்கின்றன. உன் அப்பா தினமும் பேனாவை எடுத்து அதன் மேல் வைக்கிறார், நான் தினமும் எடுத்து அலமாரியில் போடுகிறேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை, மதுக்கடையில் சாப்பிடுகிறார், மாத்திரையையும் விழுங்குவதில்லை. நேற்று மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "உன் பிள்ளை கனவை நீயே மிதிக்கிறே ஒலிந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. ரேஸ் தொடங்கும்போது உன் கார் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு வயது குறைந்துவிடுகிறது, அதுதான் அவருடைய வியாதி.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு நீ என்னிடம் கெஞ்ச வேண்டாம். நீ வந்தாலும் போட மாட்டேன், வராவிட்டாலும் போட மாட்டேன், அதனால் இதை வைத்து என்னோடு பேரம் பேசலாம் என்று வராதே. உனக்கு இதோடு ரேஸ் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சீட்டுக்குக் காசு இல்லாமல் உன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை, அதை நீயே சொல்லியிருக்கிறாய். ஆலையில் வேலை இருக்கிறது, இல்லையென்றால் மாப்பிள்ளையிடம் சொல்லி மோதெனாவில் ஏதாவது பார்க்கலாம். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது, ஆனால் அதைவிடப் பயம்தான் அதிகம். உன்னால் கண்ணாடியைப் பார்க்க முடிகிறது, பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லவும் முடிகிறது. இதை நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்னொரு வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் உனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்துமஸ் வரை யோரிஸ் அங்கேதான் இருப்பான். வா. முதலில் வீட்டுக்கு வராதே, நேராக அங்கே போ, வக்கீல் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார். எந்த இடத்துக்காக என்று நீயே உன் வாயால் சொல். அவன் மன்னிப்பானா என்று எனக்குத் தெரியாது, மன்னிக்காவிட்டால் அதையும் கேட்டுக்கொண்டு எழுந்து வா. விடை வராத கணக்கை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை அங்கே கிடக்கக் கூடாது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தால் உன் அறையில் கட்டில் போட்டபடியே இருக்கிறது, அடுப்பில் சூடாக ஏதாவது இருக்கும், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வழியில் மலைப்பாதையில் பனி விழும், ரயிலிலேயே வா, காரை எடுக்காதே. கழுத்துக்குத் துண்டு சுற்றிக்கொள். மாராவுக்கு ஒரு வரி எழுது, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், நீயும் உன்னைக் கைவிடாதே. இன்னொன்று, மறந்துவிடாதே, யோரிஸைப் பார்க்கப் போகும்போது அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகாதே. நம் பெயர் போட்டதை.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
ஒலிந்தா