கெபிக்குப் பூ வைத்தவள்

8 செப்டெம்பர் 2024, ஞாயிறு

பூசையில் எங்கள் முதலாவது கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். அலெக்ஸாண்டர் – யசிந்தா. தடை தெரிந்தவர்கள் சுவாமியாரிடம் அறிவிக்கட்டுமாம். முப்பது வயதில் எனக்கொரு கல்யாணம், அதுவும் மனதுக்குப் பிடித்தவரோடு. அம்மா பூசை முழுக்க அழுதார்.

12 செப்டெம்பர்

நிதர்சனின் படம் சனிக்கிழமை நகர மண்டபத்தில். பள்ளிக்கூடப் பெட்டை ஒருத்தி காதலித்து வளருகிற கதை. கொழும்பில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். ‘மன்னார்ப் பெண்ணின் மனதைத் திறந்த படம்’ என்று பத்திரிகையில் அரைப் பக்கம். அந்த மனது என் பழைய டயறி. கூடப் படித்தவன் என்று நான்தான் கொடுத்தேன். பேரையும் ஊரையும் மாற்றுவதாக மாதாமேல் சத்தியம் செய்தான்.

14 செப்டெம்பர், சனி

மாற்றினான்தான். கெபியை மாத்தேல்லையே, மடையன்.

படத்தில் அவள் தன் முஸ்லிம் பெடியனுக்கு எழுதும் கடிதங்களை, கல்லுக் குகைபோல் கட்டிய மாதா கெபியில் பூச்சாடிக்குக் கீழே ஒளிக்கிறாள். எங்கள் ஊரில் கெபிக்குப் பூ வைக்க வருசத்துக்கு ஒருத்தியைத்தான் விடுவார்கள். படத்தில் வரும் வருசம் அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெடியன், எருக்கலம்பிட்டிப் பாஹிம், கட்டாருக்குப் போய்ப் பதின்மூன்று வருசம், அவனுடைய முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. முன்வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் அலெக்ஸாண்டர்.

படம் நல்லாத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரியுது.

15 செப்டெம்பர், ஞாயிறு

இரண்டாவது ஓலை. பூசை முடிய அலெக்ஸாண்டர் கேட்டார், “அது நீர்தானே?”

“ஓம். பதினேழு வயசில.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.”

பிழையான பதில். சொல்லும்போதே தெரியும்.

19 செப்டெம்பர்

பெட்டைகள் கெபிக்கு முன்னால் படத்தில் வருகிற மாதிரி முக்காடு போட்டு நின்று, அவளுடைய வசனம் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். ‘நீ கடலைத் தாண்டு, நான் வயசைத் தாண்டுறன்’ – என் வசனம், என் கையெழுத்தில் எழுதியது. நிதர்சனுக்குப் போன் எடுத்தேன். “இனி அது உன்ர கதை மட்டுமில்லை யசிந்தா, எங்கட சனத்தின்ர கதை” என்றான்.

சனத்தின்ர ஓலையையோ நிப்பாட்டப் போயினம், எருமை?

22 செப்டெம்பர், ஞாயிறு

சுவாமியார் இரண்டு சோடிகளின் பேர் வாசித்தார். எங்களுடையது இல்லை. அலெக்ஸாண்டரின் தாய் வெள்ளிக்கிழமையே வந்து நிறுத்தச் சொன்னாராம். அலெக்ஸாண்டர் பூசைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை.

வாசலில் ஒரு பள்ளிக்கூடப் பெட்டை போனும் கையுமாக மறித்தாள். “அக்கா, படத்தில பெடியன் போகேக்க அவள் அழவேயில்லை. என்ன தைரியம். நீங்களும் அப்பிடித்தானோ?”

“இல்லை. மூண்டு நாள் அழுதனான். டயறியில எழுதேல்லை.”

அவள் போனை இறக்கிவிட்டாள்.

இன்றைக்கு அழுததை எழுதி வைக்கிறேன்.