புகைபோக்கியிலிருந்து மூன்றாவது வீடு

பாய்,

நேற்று பழைய கேமரா பையைக் கவிழ்த்தபோது, தூரம் அளக்கும் உங்கள் தொலைவுமானி விழுந்தது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. கண் வைத்துப் பார்க்கும் இடத்து ரப்பர் உருகி என் விரலில் ஒட்டியது. பல்வலிக்காக நீங்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பின் வாசனை அதில் இன்னும் இருப்பதுபோலத் தோன்றியது. உடனே அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது. அந்தப் பயத்தைப் பகிர்ந்துகொள்ள நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். இப்போது நீங்களும் இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. ஆம்பூருக்கு வெளியே ஒரு பழைய தோல் தொழிற்சாலை. அதன் செங்கல் புகைபோக்கி பயன்பாட்டில் இல்லாமல் போய் வெகுகாலமாகியிருந்தது. ஒரு வருட மழையில் அதன் அடியில் விரிசல் விட்டு, சுற்றுச்சுவருக்கு வெளியே அதையொட்டி வரிசையாக இருந்த மூன்று தொழிலாளர் வீடுகளின் பக்கம் சாயத் தொடங்கியது. சாய்வுக்கு நேரே இருந்த மூன்றாவது வீட்டில் ஸ்டெல்லா குடியிருந்தாள். அந்தத் தொழிற்சாலையிலேயே தோல் காயப்போடும் வேலை. "காத்தடிச்சா செங்கப் பொடி எங்க ஓட்டு மேல கொட்டுது சார்" என்று என்னிடம் சொன்னாள்.

மேலாளரைக் கேட்டேன். சிரித்தார். "எண்பதடி சார் அது. விழுந்தாலும் எங்க காம்பவுண்டத் தாண்டாது."

புகைபோக்கிக்கும் வீடுகளுக்கும் இடையே எண்பது அடிக்குக் குறைவாக இருந்தால் தாண்டும். ஆனால் உள்ளே அளவுநாடா பிடிக்க எங்களை விடமாட்டார்கள். தனியார் சர்வேயரான உங்களைத் தேடி வந்தேன். "வெளிய நின்னே அளக்கற மிஷின் வந்திருக்கு நிருபரே. வாங்க, வேலூர் லாங் பஜார் போலாம்" என்றீர்கள்.

கடைக்காரர் சிவப்புப் புள்ளி விழும் கருவியை எடுத்துவைத்தார். விலையும் கம்மி. "ரூமுக்குள்ள மில்லிமீட்டர் சுத்தமா காட்டும் பாய்."

"நா இன்னா மண்டபத்துக்குக் கார்பெட்டா போடப் போறேன்? வெளிய எடுத்துட்டு வா."

உச்சிவெயிலில் தெருவில் நின்று எதிர்ச்சுவரை நோக்கி அதை அழுத்தினீர்கள். புள்ளி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. திரையில் எண்ணும் வரவில்லை. கைவண்டிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். "இன்னா பாய், செவுத்துல எறும்பு தேடறியா?"

அடுத்தது, ஒற்றைக் கண்ணால் பார்த்து அளப்பது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் வாங்குவது என்றார் கடைக்காரர். அதில் இரண்டு இருந்தன. விலை ஜாஸ்தியானது ஒரு மைல் தூரம் பார்க்கும் என்றார். "ஒரு மைலுக்கு அந்தாண்ட எனக்கு யாரு இருக்கா?" என்று மலிவானதை எடுத்தீர்கள். வெள்ளைச் சுவருக்குச் சட்டென்று எண் காட்டியது. பிறகு, எதிர்க்கடைக்காரரை ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடிக்கச் சொன்னீர்கள். குடைக்கு எண் வரவேயில்லை.

"கறுப்பு, வெளிச்சத்தத் திருப்பித் தராது. நம்ம புகைபோக்கி ஃபுல்லா கரி. ஆனா இது போதும். வெளுப்பா எதையாவது அது பக்கத்துல தொங்கவிட்டுட்டா வேல முடிஞ்சுது." திரையின் அளவைக் கெஜத்திலிருந்து மீட்டருக்கு மாற்றிக்கொண்டு வாங்கினீர்கள்.

ஸ்டெல்லா சம்மதித்தாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, புகைபோக்கியை ஒட்டிய கழியில் வெளுத்த தோல் ஒன்றை மாட்டிவைப்பதாகச் சொன்னாள். ஆனால் ஒரு பேட்டிக்காக நான் வேலூரிலேயே மாட்டிக்கொண்டேன். நான் வரும்வரை நீங்களும் காத்திருந்தீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அவள் வீட்டுப் பின்புறம் ஒரு டிரம்மின் மேல் ஏறி நின்றோம். கண்ணாடிக்குள் தோல் புகைபோக்கியோடு ஒட்டிக்கொண்டு இருப்பதுபோலவே தெரிந்தது. இருபத்தேழு மீட்டர். மூன்று முறையும் அதே எண். எண்பத்தெட்டு அடிக்கு மேல். விழுந்தாலும் எட்டாது.

எனக்கு உடம்பு லேசானது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் கணவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அன்று இரவு வேலூரில் என் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. எழுந்து சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை தொழிற்சாலைக்கு அருகே நாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வேலைக்குப் போகும் வழியில் ஸ்டெல்லா நின்றாள். "எத்தினி மணிக்கு பாய் அளந்தீங்க? ஒம்பது மணிக்கு எட்டிப் பாத்தேன், உங்களக் காணோம்."

"மூணு மணிக்கும்மா."

"மூணுக்கா? மதியம் வெயில் திரும்பிச்சின்னா தோல நெழலுக்கு மாத்திடுவோமே பாய். காஞ்சா வெடிச்சிடும்னு மேஸ்திரி கத்துவாரு. புகைபோக்கிக்கு அந்தாண்ட, பின்னாடி வரிசைக்கில்ல மாத்தினேன்."

நீங்கள் கிளாஸைக் கீழே வைத்தீர்கள். இந்தத் தோல் ஊரிலேயே பிறந்தவர் நீங்கள். முப்பது வருடமாக இங்கே செய்தி எழுதுகிறவன் நான். நிழலோடு தோலும் நகரும் என்பது இருவருக்கும் தெரியும். இருவருமே நினைக்கவில்லை. "யா அல்லா" என்றீர்கள், மெதுவாக.

ஸ்டெல்லா ஓடிப்போய்த் தோலைப் பழைய இடத்தில் மாட்டினாள். டிரம் மேல் ஏறினீர்கள். இருபத்திரண்டு. எழுபத்திரண்டு அடி. உச்சியின் எட்டடி மூன்றாவது வீட்டின் மேல் விழும்.

ஒரு மணி நேரத்துக்குள் மூன்று குடும்பங்களும் தேவாலயக் கூடத்துக்குப் போயின. செய்தி வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், புகைபோக்கியைச் செங்கல் செங்கலாகப் பிரித்தார்கள். அது விழவேயில்லை. "அதான் ஒண்ணும் ஆவலயே, விடுங்க நிருபரே" என்று பிறகு பலமுறை சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

ஒன்றை மட்டும் நான் உங்களிடம் சொல்லவில்லை, பாய். இருபத்தேழு என்று அளந்த அந்த மாலை நீங்கள் கருவியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லாவின் சின்னப் பெண் அவள் அப்பாவைக் கேட்டாள்: "அப்போ இங்கயே படுத்துக்கலாமாப்பா?" அவர் என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.