பனிக்குடம் உடைந்த பழி

என் ஆசை அம்மா,

உன் பேத்தி மீனாவுக்கு ஆறாம் மாதம். வாந்தி நிற்கவில்லை என்று வளைகாப்புக்கு முன்பே திருப்பதிக்கு அழைத்து வந்துவிட்டேன். நீ கண்ணை மூடியபின் வீட்டுக்கு வந்த முதல் நல்ல சேதி. ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை.

போன வாரம் டாக்டரம்மா அவளிடம், ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "எம்மா, கேட்டது என்னை" என்று என்னை அடக்கிவிட்டு, "ரெண்டு நாளா எரியுதுங்க" என்றாள்.

உடனே சிறுநீர்ப் பரிசோதனை. ஏன் இந்த அவசரம் என்றேன். தொற்றைக் கவனிக்காமல் விட்டால் பனிக்குடம் சீக்கிரமே உடைய அதுவும் ஒரு காரணமாகலாமாம். முன்பு ஒருமுறை அப்படி ஆகியிருந்தாலோ, நடுவில் உதிரப்போக்கு இருந்தாலோ, கருப்பை வாய் குட்டையாக இருந்தாலோ, இரட்டைக் கரு என்றாலோ, புகைக்கும் பழக்கம் இருந்தாலோ ஆபத்து கூடும். பலருக்குக் காரணமே தெரியாதாம்.

"ஆட்டோவில் போனால்?" என்றேன்.

"அதனால ஒடையும்னா திருப்பதில ஒரு கொழந்தகூட மாசம் முடிஞ்சி பொறக்காதும்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீனாவுக்கு முன் எனக்கொரு பிள்ளை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து விஜயபுரத்துக்கு உன்னிடம் வந்திருந்தேன். எரிகிறது, வெள்ளைப்படுகிறது என்று உன்னிடம்தானே சொன்னேன்? "சூடுடி. மோர் குட்ச்சிகினு கம்முனு இரு" என்றாய். ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் நீ முந்திக்கொண்டு தெலுங்கில் "ஏமி லேதம்மா" என்றாய். ஒன்றுமில்லையாம். அது அறியாமை. அதை நான் மன்னித்திருப்பேன்.

திருச்சானூர் கோயிலுக்கு ஆட்டோவில் என்னை அனுப்பியது நீ. வேண்டுதல் உன்னுடையது. உனக்கு முழங்கால் வலி, அதனால் நான் போனேன். திரும்பி வந்த மறுநாள் பனிக்குடம் உடைந்தது. பிள்ளை தங்கவில்லை.

தாய்வீட்டுக்கு வந்தவளுக்கு ஏதாவது ஆனால் தாய்வீட்டைத்தானே கேட்பார்கள்? என் மாமியார் கேட்டார். கட்டிலில் கிடந்தபடி, நீ உள்ளதைச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

"போவாதடின்னு தலபாடா அட்ச்சிகினேன் சம்மந்தி. கேட்டாளா? அவளா ஆட்டோ ஏறி போய்க்கினா."

என் காதுபடத்தான் சொன்னாய். அன்றிலிருந்து பிள்ளையைத் தொலைத்தவள் நான். கேட்டுக் கேட்டு நானே அதை நம்பினேன். நாம் இருவர் மட்டும் இருந்தபோதாவது உனக்கு வாய் வரவில்லையா? படுக்கையில் உனக்குக் கஞ்சி ஊட்டினேனே, அப்போது? என்னைவிட அந்தச் சம்பந்தியின் கோபமா பெரிது?

மீனாவுக்குத் தொற்று என்று தெரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறாள். நேற்று அவள் மாமியார் போனில், "நம்ம வூட்ல நல்லாத்தானே இருந்தா?" என்று இழுத்தார். இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிட்டேன். தொற்று இங்கே வந்த பிறகுதான், அவள் தப்பு எதுவும் இல்லை என்றேன்.

இனி எது நடக்கும், யாருக்குத் தெரியும்? எது நடந்தாலும், அதை என் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். யார் வந்து கேட்டாலும் சரி. இது உனக்கு நான் தரும் வாக்கு, அம்மா. நீ எனக்குத் தந்திருக்க வேண்டியது.

இன்னும் கோபம் தீராத,
உன் மூத்த மகள்